பஸ் இரவில் எங்கே படுக்கிறது? (படுவான்கரைப் போக்குவரத்து இழை)

11 மே 2025

வாசகர் ஒருவர் கேட்டது: "நான் கொழும்பில். அம்மாவின் ஊர் கொக்கட்டிச்சோலைக்கு அங்கால். டீசல் பஸ்ஸை நம்பி இருப்பதை விட்டுவிட்டு, மின்சார மினிபஸ் பத்தைப் படுவான்கரைக்கு இறக்கினால் பிரச்சினை தீரும், சூழலுக்கும் நல்லது. ஏன் ஒருவரும் இதைப் பேசுவதில்லை?"

11 மே, இரவு

பேசாமல் என்ன. ஆனால் தீராது. பத்து பஸ் விட்டாலும் பத்தும் பின்னேரம் ஐந்தரைக்கு மட்டக்களப்பு டவுனுக்குத் திரும்பி ஓடினால் எங்களுக்கு அது இல்லாத பஸ்தான்.

என் கதையைச் சொல்கிறேன். டவுனில் ஒரு கடையில் கணக்கு எழுதும் வேலை. ஐந்து மணிக்கு விடுவார்கள் என்பது பெயருக்கு. கதவு பூட்டும்போது ஐந்தே கால். எங்கள் ஊருக்குக் கடைசி பஸ் ஐந்து பத்துக்கு. இந்த ஐந்து நிமிடத்துக்காக 2016இல் லீசிங்கில் மோட்டார் சைக்கிள் எடுத்தேன். நாலு வருடம் கட்டினேன். எங்கள் ஒழுங்கையில் ஒன்பது வீடு, பதினொரு மோட்டார் சைக்கிள். எல்லோரும் ஆசைப்பட்டு வாங்கியது என்று நினைக்க வேண்டாம்.

12 மே

இழையைப் படித்த ஒருவர் "படுவான்கரை எங்கே, மாவட்டத்தின் பெயரா?" என்று கேட்டிருக்கிறார். மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே கடலோரமாக இருப்பது எழுவான்கரை, பொழுது எழும் கரை. மேற்கே இருப்பது படுவான்கரை, பொழுது படும் கரை. வயல், மாடு, குளம், காடு எல்லாம் இந்தக் கரையில். ஆஸ்பத்திரி, கச்சேரி (மாவட்டச் செயலகம்), புகையிரத நிலையம், பெரிய பள்ளிக்கூடங்கள் அந்தக் கரையில். பஸ்கள் உறங்கும் சாலைகளும் அந்தக் கரையில்தான். இந்தியாவில் இருந்து படிப்பவர்களுக்கு: சாலை என்றால் எங்களுக்கு டிப்போ. ரோட்டுக்கு வீதி என்போம்.

12 மே, பிறகு

பாலத்தைப் பற்றி எழுத மறந்துவிட்டேன். 2013இல் மண்முனைப் பாலம் திறக்கும்வரை எங்கள் பக்கம் 'பாதை'யில்தான் கடந்தது. வாவியில் மனிதரையும் வண்டியையும் ஏற்றிக்கொண்டு ஆடி ஆடிப் போகும் மிதவைக்கு எங்கள் ஊரில் பாதை என்று பெயர். பாதை அக்கரையில் நின்றால் இக்கரையில் நிற்பவன் வாவியைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். அந்த நேரத்தில் ஊர்க்கதை முழுக்கத் தெரிந்துவிடும்.

பாலம் வந்தால் பஸ் வரும் என்று நினைத்தோம். முதலில் வந்தது மோட்டார் சைக்கிள்தான். பாலத்தில் ஆறு நிமிடம் நின்று எண்ணிப் பார்த்தேன், முப்பத்தொரு மோட்டார் சைக்கிள், பாண் (ரொட்டி) விற்கும் ஒரு ஆட்டோ, ஒரு மாடு. பஸ் இல்லை.

13 மே

ஆண்டைத் தவறாக எழுதிவிட்டேன், ஆரையம்பதித் தம்பி ஒருவர் திருத்தியிருக்கிறார். மண்முனைப் பாலம் திறந்தது 2014 ஏப்ரலில், ஜப்பான் உதவியோடு கட்டியது. 2013 என்பது கல்லடிப் புதுப் பாலம். மன்னிக்கவும். மாடு சரிதான்.

15 மே

"பகலில் எட்டுப் பேருக்காக பஸ் ஓட்ட முடியுமா?" என்று ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார். நியாயமான கேள்வி. நான் கணக்கு எழுதுகிறவன் என்றபடியால் கணக்காகவே பதில்.

ஒருவழி 25 கிலோமீட்டர் என்று வைப்போம். போய்வர 50. பழைய பெரிய பஸ் எங்கள் வீதியில் லீட்டருக்கு 4 கிலோமீட்டர் ஓடினால் நல்ல பஸ். பன்னிரண்டரை லீட்டர். லீட்டர் 280 ரூபாய் என்று போட்டால் 3,500 ரூபாய், டீசலுக்கு மட்டும். ஏறி இறங்குகிறவர்கள் ஆளுக்குச் சராசரி 80 ரூபாய் கொடுத்தால் 44 பேர் வேண்டும். காலையில் ஒரு பக்கத்திலேயே அறுபது பேர் தொங்குவார்கள். பகல் பன்னிரண்டு மணிக்கு எட்டுப் பேர், 640 ரூபாய். டயர், சம்பளம், பெயரிங் எல்லாம் இன்னும் கணக்கில் வரவில்லை. ஆகவே பகல் பஸ் முதலில் "பழுதாகும்", பிறகு நிற்கும். ஒரு நாளும் ஒருவரும் அதை நிறுத்துவதாக அறிவிப்பதில்லை. தானாக வாடிப் போகும்.

ஆனால் அந்த எட்டுப் பேர் யார்? கிளினிக்குக்குப் போன கிழவிகள். காலை பஸ்ஸில் தொங்கிப் போனவர்களே அவர்கள்தான். பகல் பஸ் இல்லை என்றால் காலையிலும் போக மாட்டார்கள். மகனின் மோட்டார் சைக்கிளில் போவார்கள், மகனுக்கு ஒரு நாள் கூலி போகும். அதனால் பகல் பஸ்ஸின் எட்டுப் பேரையும் காலை பஸ்ஸின் அறுபது பேரையும் வெவ்வேறாகக் கணக்கிடக் கூடாது. திரும்பி வர வழியில்லாத ரிக்கட்டை யார் வாங்குவது?

17 மே

எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் ஊரில் ஒரு பஸ் படுத்தது. சும்மா சொல்லவில்லை. வலையிறவுப் பாலத்தால் வந்து, வவுணதீவைச் சுற்றி, இரவு எட்டு மணிபோல் கோயிலடிக்கு வரும். ஆலமரத்துக்குக் கீழே நிற்கும். சாரதியும் கொண்டக்டரும் வாசகசாலைத் திண்ணையில் பாய் போடுவார்கள். எந்த வீட்டுச் சாப்பாடு என்பதற்கு முறை இருந்தது. எங்கள் வீட்டு முறை வந்தால் அம்மா வாவி இறால் சமைப்பா, எங்களுக்கும் அன்றைக்குத்தான் இறால். விடிய ஐந்தரைக்கு பஸ் ஹோர்ன் அடித்தால் ஊரே எழும்பும். யாராவது பிந்தி ஓடி வந்தால் "வருது கா, நில்லுங்க" என்று பக்கத்து வீட்டில் இருந்து சத்தம் போகும், பஸ்ஸும் நிற்கும்.

சண்டை வந்ததும் பஸ் துறையோடு நின்றது. உள்ளே சைக்கிள், உழவு இயந்திரம், அல்லது கால். சண்டை முடிந்து எல்லாம் திரும்பி வந்தன, வங்கிகூட வந்தது. இரவில் படுக்கிற பஸ் மட்டும் வரவில்லை.

நேற்று மோட்டார் சைக்கிளில் வரும்போது இதுதான் மண்டையில் ஓடியது. நாங்கள் கேட்க வேண்டியது எத்தனை பஸ், என்ன பஸ் என்று இல்லை. பஸ் இரவில் எங்கே படுக்கிறது என்று. டவுனில் படுக்கிற பஸ் டவுனுக்கு வசதியாகத்தான் ஓடும். கடைசி ஓட்டம் அதற்கு வீட்டுக்குப் போகிற ஓட்டம், எங்களுக்கு அல்ல.

17 மே, பிறகு

அந்த பஸ்காரர் யாராவது ஊரோடு தங்கிவிட்டார்களா என்று கேட்டவருக்கு: ஓம், கொண்டக்டர் ஒருவர் எங்கள் ஊரிலேயே கல்யாணம் முடித்தார். பஸ் போய்விட்டது, அவர் இருக்கிறார்.

18 மே

இப்போது இரவில் படுப்பதன் கணக்கு. டவுனில் இருந்து விடியற்காலை வெறும் பஸ் 25 கிலோமீட்டர் வந்து, இங்கிருந்து ஆட்களை ஏற்றுகிறது. பின்னேரம் ஆட்களை இறக்கிவிட்டு வெறும் பஸ்ஸாக 25 கிலோமீட்டர் போகிறது. அது ஊரில் படுத்தால் இந்த 50 கிலோமீட்டர் மிச்சம். 3,500 ரூபாய். அதாவது நட்டம் என்று நிறுத்திய பகல் ஓட்டத்தின் டீசல் அப்படியே இங்கே கிடக்கிறது!

இதைப் பார்த்துவிட்டு இரவு நித்திரை வரவில்லை, அவ்வளவு சந்தோசம்.

19 மே

சந்தோசம் ஒரு நாள். முதலைக்குடாப் பக்கம் படிப்பிக்கும் ஆசிரியை ஒருவர் எழுதியிருக்கிறார்: விடியற்காலை பஸ் வெறும் பஸ் இல்லையாம். பத்திரிகைக் கட்டு, மருந்துப் பெட்டி, தொலைவில் இருந்து வந்து இரவு டவுனில் தங்கும் உத்தியோகத்தர் ஐந்தாறு பேர். பஸ் ஊரில் படுத்தால் இவர்கள் அடுத்த பஸ்ஸுக்கு ஏழு மணிவரை நிற்க வேண்டும், பள்ளிக்கூடத்துக்குப் பிந்திவிடும். சரிதான். இருபது வருடமாக நான் இங்கிருந்து அங்கே போகிறவன். எதிர்ப்பக்கமாக வருகிறவரை யோசிக்கவே இல்லை.

ஆகவே காலைப் பக்கத்தை வெட்டுகிறேன். இரவுப் பக்கம் மட்டும் மிச்சம் என்றால் 1,750 ரூபாய். பகல் ஓட்டத்தில் பாதி. பாண் இந்தக் கணக்கில் இல்லை, பாண் ஆட்டோ பாட்டுப் போட்டுக்கொண்டு தானாக வரும். ஊரில் நேரம் தவறாத ஒரே பொதுச் சேவை அதுதான்.

24 மே

ஆடைத் தொழிற்சாலை பஸ்களை யாரும் எழுதவில்லையே. விடிய ஐந்தே காலுக்கு எங்கள் சந்தியில் நிற்கும். மழை என்றாலும் நிற்கும். வேலைக்குப் போகிற பிள்ளைகள் ஏறுவார்கள், இருட்டினாலும் வீட்டு வாசலில் கொண்டுவந்து விடும். பஸ் போக முடியாத வீதி என்று எங்களுக்குச் சொல்லப்பட்ட வீதியில்தான் அது ஓடுகிறது. ஆள் தேவைப்பட்டால் வீதியும் சரியாகத்தான் இருக்கிறது.

அதே சந்தியில் ஆறேகாலுக்கு நிற்கும் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கதை வேறு. சீசன் ரிக்கட்டுக்குப் பிள்ளை கொடுப்பது கொஞ்சம், மிச்சத்தை அரசாங்கம் கொடுக்க வேண்டும். அந்தக் காசு எப்போது வரும் என்பது ஒரு பக்கம். கையில் காசோடு நிற்கும் பெரியவரும் சீசனோடு நிற்கும் பிள்ளையும் ஒரே தரிப்பிடத்தில் நின்றால், பஸ் பெரியவருக்குக் கிட்டவாகப் போய் நிற்கும். என் மகள் சொல்வாள், "அப்பா, நான் உங்கட பக்கத்தில நிக்கிறன், அப்பதான் நிப்பாட்டுவாங்க" என்று.

2 ஜூன்

மின்சார பஸ்ஸை நான் முதல் நாளே தள்ளிவிட்டேன், அது கொஞ்சம் அவசரம்.

யோசித்துப் பாருங்கள். பகல் பத்தில் இருந்து இரண்டு வரை பஸ் சும்மா நிற்கிறது என்பதுதானே என் முறைப்பாடு. அதே நேரம்தான் எங்கள் கரையில் வெயில் கொளுத்துகிறது. இந்தச் சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், தேவை குறைவு, சூரிய மின்சாரம் அதிகம் என்று கூரையில் சோலார் வைத்தவர்களிடம் பகலில் அணைத்து வைக்கும்படி மின்சார சபை கேட்டது. மின்சாரம் வேண்டாம் என்று நாடு சொல்கிற நேரமும், பஸ்ஸுக்கு வேலை இல்லாத நேரமும் ஒன்று. சாலையின் கூரையிலேயே தகடு போட்டு ஏற்றலாம்.

பிறகு அடுத்த யோசனை வந்தது: பகலில் ஏற்றினால் பகல் பஸ் ஓடாது! கிழவிகள் திரும்பவும் திண்ணையில். சரி, மினிபஸ் இரண்டாக வைத்து மாறி மாறி என்றால்? எனக்குத் தெரிந்த கணக்கு இதற்கு மேல் போகாது. கொழும்புத் தம்பியிடம் மன்னிப்புக் கேட்கிறேன், அவ்வளவுதான்.

2 ஜூன், பிறகு

"பெப்ரவரி 9 போல் நாடு முழுக்கக் கரண்ட் போனால்?" என்று ஒருவர். 2022 எரிபொருள் நெருக்கடியை மறந்துவிட்டீர்களா? டீசல் 460 ரூபாய், அதற்கும் வரிசை, பிறகு கியூஆர் பங்கீடு. ஜூலையில் பஸ்ஸில் ஏறினாலே குறைந்தது 40 ரூபாய், ஏற பஸ் இருந்தால். பெப்ரவரியில் பாணந்துறை உபமின் நிலையத்துக்குள் புகுந்து கரண்டை நிறுத்திய குரங்கு ஒரு நாள்தான் வேலை காட்டியது.

2022இல் நான் சைக்கிள் மிதித்தேன். போக இரண்டு மணித்தியாலம். நாலு கிலோ குறைந்தது. பிறகு எல்லாம் திரும்பி வந்தது, கிலோவும்.

19 ஜூன்

கல்முனைப் பக்கத்துக் காக்கா (முஸ்லிம் அண்ணன்) ஒருவர், "நீங்கள் படுவான்கரை என்று புலம்புகிறீர்கள், எங்கள் கிட்டங்கித் தாம்போதியை வந்து பாருங்கள்" என்று எழுதியிருக்கிறார். உண்மை. மாரியில் தண்ணீர் ஏறினால் கல்முனைக்கும் சவளக்கடைக்கும் நடுவில் அந்தத் தாம்போதி, வெள்ளம் மேலால் பாயும் தாழ்ந்த வீதி, மறையும். எங்கள் மாவட்டத்தில் கிரான் பக்கமும் அப்படித்தான், புலிபாய்ந்தகல் வீதி தண்ணீருக்குள் போனால் படகு வர வேண்டும். பஸ் நின்ற இடத்தில் உழவு இயந்திரம் ஓடும். 2024 நவம்பரில் காரைதீவுக்கும் மாவடிப்பள்ளிக்கும் நடுவில் மதரசாப் பிள்ளைகள் போன உழவு இயந்திரத்தை வெள்ளம் இழுத்துக்கொண்டு போனது. அதைப் பற்றிப் பகிடி எழுத முடியாது.

வீதியை இரண்டடி உயர்த்துவதும், எந்த அடையாளக் கல் மறைந்தால் பஸ் நிற்க வேண்டும், நின்றால் ஆட்கள் எங்கே தங்க வேண்டும் என்று முன்கூட்டியே ஊருக்குச் சொல்லி வைப்பதும் பொதுப் போக்குவரத்தில் சேரும் என்றுதான் நினைக்கிறேன். பஸ் மட்டும் போதாது.

8 ஜூலை

யானையை மறந்தே போனேன், சாரதி ஒருவர் ஞாபகப்படுத்தினார். "அண்ணன், ஆறரைக்குப் பிறகு தாந்தாமலைப் பக்கம் வெறும் பஸ்ஸோட தனியா திரும்பச் சொல்றீங்களா? நீங்க வந்து ஓடுங்க." பெப்ரவரியில் மீனகயா ரயில் மோதி ஆறு யானைகள் இறந்த நாட்டில் பஸ் யானைக்குப் பயப்படுவது நியாயம்தான்.

ஆனால் இதுவும் என் பக்கத்துக்கே வருகிறது. ஊரில் படுத்தால் இரவில் திரும்பத் தேவையில்லையே. அவருக்கு இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து எழுதினார்: "கக்கூஸ் இருக்கா?"

இதுதான் நான் கேட்டதிலேயே சரியான கேள்வி. வாசகசாலைத் திண்ணையும் இறால் கறியும் 1982க்குச் சரி. இப்போது ஒருவருக்குக் கட்டில், காற்றாடி, குளிக்கத் தண்ணீர், கைபேசிக்குச் சார்ஜ், இரவுப் படிக்காசு வேண்டும். பல்நோக்குக் கட்டடம் ஒன்று பூட்டிக் கிடக்கிறது. திறப்பு யாரிடம் என்று விசாரித்தேன். மூன்று பேரிடம் போகச் சொன்னார்கள், மூவரும் மற்ற இருவரிடம் இருப்பதாகச் சொன்னார்கள்.

21 ஜூலை

"காசு யார் கொடுப்பது?" என்று கேட்டவருக்கு. 1958 ஜனவரி 1இல் எல்லா பஸ்ஸையும் அரசாங்கம் எடுத்தபோது, இலாப வழியின் காசு நட்ட வழிக்குப் போகும் என்பதுதான் யோசனை. காலி, கண்டி வீதிகள் உழைத்துக் கொடுக்கும், காட்டுப்பாதை சாப்பிடும். 1979இல் தனியார் பஸ்ஸை விட்டபோது உழைக்கிற வழிகளுக்குத்தான் அவர்கள் வந்தார்கள். வேறு எங்கே வருவார்கள்? அவர்களைக் குறைசொல்ல மாட்டேன், நானும் கணக்கு எழுதுகிறவன். அதன் பிறகு காட்டுப்பாதைக்குச் சோறு போடுவது யார் என்பது முடியாத கேள்வி.

இலாபம் இல்லாத கிராம வழிக்கு மானியம் கொடுத்து ஓடவைக்கும் 'கெமி சரிய' என்று ஒரு திட்டம் போக்குவரத்து ஆணைக்குழுவிடம் இருக்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு 'சிசு சரிய'. எங்கள் ஊரில் கேட்டால் இரண்டும் சிங்களப் பெண் பெயர் என்று நினைக்கிறார்கள். தமிழில் ஒரு பெயர் வைத்துத் தரிப்பிடத்தில் ஒட்டியிருந்தால் விண்ணப்பமாவது எழுதியிருப்போம்.

கேரளாவில் 2022இல் 'கிராமவண்டி' என்று ஒன்று தொடங்கினார்கள். பஸ்ஸும் ஆட்களும் அரச போக்குவரத்துக் கழகத்தினுடையது, டீசல் காசு உள்ளூராட்சி மன்றத்தினுடையது. எந்த வழி, எத்தனை மணி என்று தீர்மானிப்பதில் காசு கொடுக்கிற ஊருக்கும் பேச்சு இருக்கும். எங்கள் பிரதேச சபையால் மாதம் முழுக்கக் கொடுக்க முடியாது. இரவுப் படிக்காசும் கட்டிலும் முடியும் என்று நினைக்கிறேன்.

3 ஆகஸ்ட்

பெடியன் ஒருவன் பஸ் எங்கே வருகிறது என்று சொல்ல வட்ஸ்அப் குழு தொடங்கினான். ஏறினவர் "மகிழடித்தீவு தாண்டிட்டு" என்று போட்டால் போதும். ஒரு கிழமை அருமையாக ஓடியது. இரண்டாம் கிழமை காலை வணக்கப் படங்கள். மூன்றாம் கிழமை காணி விற்பனை. இப்போது பஸ் எங்கே என்று தெரிய நூற்றுப் பதினாறு ரோசாப்பூவைத் தாண்ட வேண்டும்.

ஆனாலும் சொல்கிறேன், அந்த முதல் கிழமை நான் நாலு நாள் மோட்டார் சைக்கிளை வீட்டில் விட்டுவிட்டு பஸ்ஸில் போனேன். பஸ் வேகமாகவும் ஓடவில்லை, புதிதாகவும் இல்லை. வருகிறது என்று தெரிந்தது, அதுதான் காரணம்.

(பின்னேரம் திரும்பிய கதை வேறு. மூன்று நாள் மைத்துனரின் மோட்டார் சைக்கிள், ஒரு நாள் ஆட்டோ, 1,800 ரூபாய்.)

14 செப்டெம்பர்

தான்தோன்றீஸ்வரர் திருவிழாவுக்கு விசேட பஸ் விட்டார்கள். இரவு ஒன்பதரைக்கும் பஸ். யானை வரவில்லை, டீசல் தீரவில்லை, வானம் இடியவில்லை. பக்கத்து வீட்டு அம்மா எழுபத்திரண்டு வயதில் இரவு பஸ்ஸில் வந்து இறங்கி, "மனே, இப்படித் தினமும் விட்டா நான் மகள்ட வீட்டுக்குப் போய் ராவைக்கே திரும்பிருவன்" என்றா. அவவின் மகள் ஆரையம்பதியில். போனால் மூன்று நாள் தங்கிவிட்டுத்தான் வருவா. மருமகனுக்காக என்றாலும் இந்த பஸ் வேண்டும்.

5 ஒக்டோபர்

கடிதம் கொடுத்தோம். ஊரில் ஒரு பஸ் இரவு படுக்க வேண்டும், கடைசி ஓட்டம் டவுனில் இருந்து ஏழு மணிக்கு, தங்குமிடம் ஊர் பொறுப்பு. முப்பத்தெட்டுக் கையெழுத்து. வாங்கின உத்தியோகத்தர் நல்ல மனிதர், முழுக்கப் படித்தார். படித்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார்: "ஏழு மணிக்கு எத்தனை பேர் ஏறுவீங்க? ஆசையைக் கேக்கல்ல, எண்ணிக்கையைக் கேக்கிறன்."

எங்களிடம் இருக்கவில்லை. ஐந்து மாதமாக இந்த இழையில் எழுதுகிறேன், ஒரு நாளாவது எண்ணினேனா? பாலத்தில் நின்று மாட்டை எண்ணினேன்.

12 ஒக்டோபர்

டவுனில் பஸ் தரிப்பிடத்துக்கு எதிரே தேத்தண்ணிக் கடையில் ஒரு கொப்பி வைத்திருக்கிறோம். ஆறரைக்கும் ஏழரைக்கும் நடுவில் படுவான்கரைப் பக்கம் போக வழி தேடுகிறவர் வந்தால் ஊர்ப் பெயரை மட்டும் எழுத வேண்டும். மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவரும் பஸ் இருந்தால் ஏறுவேன் என்றால் எழுதலாம், ஆனால் வேறு பக்கத்தில். கடைக்காரக் காக்கா கொப்பிக்கு வாடகையாகத் தினம் இரண்டு பிளேன்ரீ கேட்டார். கொடுக்கிறோம்.

திங்கள் 11. செவ்வாய் 14. புதன் 17, அன்றைக்கு ரியூசன். வியாழன் நல்ல மழை, 6. வெள்ளி 19.

மழை நாளை விட்டுவிட்டுக் கொடுப்போம் என்று எங்கள் ஆட்களிலேயே இருவர் சொல்கிறார்கள். ஆறையும் எழுதித்தான் கொடுக்கப் போகிறேன். மாரியில் முழுக்க அந்த ஆறு பேர்தான் நிற்பார்கள்.